செம்மஞ்சளுக்காக ஒற்றைக்காலில் நின்ற பிளோறன்ஸ்

ஒரு நிறத்துக்காக ஒரு பெண் வருஷம் முழுக்கச் சண்டை பிடிப்பாளா என்று கேட்கிறீர்களா? பிளோறன்ஸைத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகம், ஏழெட்டுப் பேர் வேலை செய்கிற இடம். அதிலே ஒருத்திதான் இந்த பிளோறன்ஸ் ஜேசுரட்ணம். வயது முப்பத்தைந்து ஆகப்போகிறது. கழுத்தில் மடு மாதா பதக்கம், மூக்கு நுனியில் கோபம்.

தெற்கு ஜெர்மனியில் ஒரு விமானநிலையம் புது முனையம் கட்டியது. ஊர்ப் பெயர் வேண்டாம், எழுதினால் கெஸ்லர் என்கிற மனுசன் என்னோடு சண்டைக்கு வருவார். அந்த விமானநிலையத்துக்குப் புது முகம் செய்து கொடுக்கும் வேலை பிளோறன்ஸின் அலுவலகத்துக்குக் கிடைத்தது. சின்னம், எழுத்து, நிறம், கடிதத்தாளின் தலைப்பு, ஊழியரின் கழுத்துப்பட்டி என்று எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும். அதிலே வழிகாட்டும் பலகைகள் பிளோறன்ஸின் பங்குக்கு வந்தன.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். தகப்பன் ஜேசுரட்ணம் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர், கார்த் தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்றி இறக்கியே முதுகு வளைந்தவர். தாய் யோசப்பினுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. மகள் டொக்டராக வேண்டாம், குறைந்தது ஒரு எஞ்சினியராக வேண்டாமா? அவள் போய் வடிவமைப்பில் ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்யப்போகிறேன் என்றாள். வீட்டில் இரண்டு நாள் உலை வைக்கவில்லை. "படம் கீறுறதுக்கும் ஒரு படிப்போ?" என்று தலையில் கை வைத்தாள் யோசப்பின்.

ஆனால் படித்து முடித்ததும் சனம் விட்டதா? பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுப் பதாகை, கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவள் தலையில்தான். ஒரு மாமி வந்து இன்னுமொரு ரோசாப்பூ வைக்கச் சொல்லுவா. இன்னொரு மாமி பொன்நிறம் காணாது, இன்னும் போடு என்பா. பிள்ளையின் படத்தை மூன்று தரம் போடச் சொல்லி ஒரு பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். எதைப் போடுவது என்று அவளுக்கு ஜெர்மன்காரர் படிப்பித்தார்கள். எதை விடாப்பிடியாகத் தடுப்பது என்பதை அவள் நம்முடைய மாமிமாரோடு மல்லுக்கட்டித்தான் பழகினாள்.

ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டும் இருக்கிறாள். யாத்திரைத் தலமான கெவெலாரின் மாதாவிடம் ஓகஸ்ட் மாதம் தமிழ்ச்சனம் திரண்டு போகும் அல்லவா, அங்கே தங்கள் தேவாலயப் பங்குச் சனத்துக்காகப் பலகைகள் செய்து கொண்டுபோனாள். பஸ் எங்கே, சாப்பாடு எங்கே, கழிப்பறை எங்கே என்று மெல்லிய எழுத்தில், இளம் சாம்பல் நிறத்தில், பார்க்க அவ்வளவு வடிவு. ஒரு சீவன் பார்க்கவில்லை. எல்லாரும் எல்லாரையும் கேட்டுத்தான் போனார்கள். பின்னேரம் அவள் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்று அழுதாள், அதுவும் உண்மை. அழுது முடித்துவிட்டுத் தன்னுடைய பலகையைத் தானே தூர நின்று பார்த்தாள். முன்னால் நின்றவர்களின் தலைகளும் குடைகளும்தான் தெரிந்தன.

அந்தக் கோபத்தோடுதான் விமானநிலைய வேலையில் கை வைத்தாள். எழுத்து பெரிது, சனத்தின் தலைக்கு மேலே. கறுப்பு எழுத்து, பின்னால் செம்மஞ்சள். அதோடு ஒரு சட்டமும் போட்டாள்: அந்தச் செம்மஞ்சள் வழி காட்டும் பலகையில் மட்டும்தான் வரலாம். கடையில், கதிரையில், கோப்பையில், எங்கேயும் வரக்கூடாது.

கெஸ்லர் குதித்தார். விமானநிலையத்தின் விளம்பரப் பகுதித் தலைவர் அவர், எந்நேரமும் கோட்டுச் சட்டை, நல்ல வடிவான மனுசன். "ஒரு நிறத்தை எங்களுக்கென்று எடுத்துவிட்டு அதை ஒரு கோப்பிக் கோப்பையில்கூட அடிக்கக் கூடாதா? இது விமானநிலையமா, பஸ் தரிப்பிடமா? இவ்வளவு பெரிய எழுத்து எதற்கு? வருகிறவர்கள் என்ன குருடர்களா?"

"குருடர் இல்லை, பயந்தவர்கள்," என்றாள் பிளோறன்ஸ். "பிளேன் போய்விடும் என்கிற பயத்தில் வருகிறவர்கள். செம்மஞ்சளைக் கண்டால் அவர்களின் கால் தானாகத் திரும்ப வேண்டும். கோப்பையிலும் அதே நிறம் இருந்தால் கால் கோப்பிக்கடைக்குத்தான் திரும்பும்."

கெஸ்லருக்கு வெள்ளைச் சுவரில் மெல்லிய சாம்பல் எழுத்து வேண்டும். மூலைக்கு மூலை விரலால் தொடுகிற திரை வேண்டும். செம்மஞ்சள் கோப்பையிலும் பையிலும் கொடியிலும் பறக்க வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் இதே இழுபறி. பிளோறன்ஸின் அலுவலக முதலாளி ஊல்ரிக்க நல்ல மனுசி, ஆனால் சமாதானப் பிரியை. "பிளோ, கோப்பையை மட்டும் விட்டுக்கொடேன்," என்று கெஞ்சிப் பார்த்தாள். பிளோறன்ஸ் மசியவில்லை.

கடைசியில் விமானநிலையத்துக்கே தலைவியான லிண்டர் அம்மையார் மேசையில் தட்டினார். புது முனையத்தைத் திறக்கும் முன் ஒரு ஒத்திகை நாள் வைப்பார்கள். வெளியிலிருந்து தொண்டர்கள் வந்து பயணிகளாக நடிப்பார்கள், வெறும் சூட்கேசை உருட்டிக்கொண்டு விமானம் ஏறும் கேட்வரைக்கும் போவார்கள். "அன்றைக்குப் பார்ப்போம்," என்றார் லிண்டர். "தகவல் மேசையில் சனம் வந்து குவிந்தால் செம்மஞ்சள் இறங்கும், கெஸ்லரின் சாம்பல் ஏறும், பலகை வேலை வேறு அலுவலகத்துக்குப் போகும். குவியாவிட்டால் செம்மஞ்சள் நிற்கும், கோப்பை வெள்ளையாகவே கிடக்கும். ஒரு நிபந்தனை. தொண்டர்களிடம் நீங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் சொல்லக்கூடாது."

பிளோறன்ஸ் சம்மதித்தாள். ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு மேசையில் வந்து நின்றது. அவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

வினை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தொண்டர்கள் போதாது என்று விமானநிலையம் அறிவித்ததா, தங்கை லாரா அதைத் தூக்கிப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். 'விமானநிலையம் சும்மா சுற்றிப் பார்க்கலாம், பிளோ அக்காவின்ரை வேலை, எல்லாரும் வாங்கோ.' அவ்வளவுதான். ஒரு நாளுக்குள் பங்கே திரண்டு பதிந்துவிட்டது. பிளோறன்ஸுக்கு விஷயம் தெரிந்ததே தாய் போன் எடுத்தபோதுதான்.

"பிள்ளை, எத்தினை பேருக்கு றோல்ஸ் சுடுறது?"

"என்ன றோல்ஸ்? ஆருக்கம்மா?"

"உன்ரை விமானநிலையத்துக்குத்தான். அங்கை சீஸ் பாண்தான் குடுப்பாங்களாம். அதைத் தின்னுறதுக்கு ஆக்கள் இவ்வளவு தூரம் வாறதோ?"

தகவல் மேசை பிளோறன்ஸின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஏனென்றால் யோசப்பினைப் போல வழி கேட்கிற மனுசி இந்த ஜெர்மனியிலேயே கிடையாது. வழி தெரியாமல் கேட்கிறவள் அல்ல, அதுதான் விசேஷம். ஜெர்மன் நன்றாக வாசிப்பாள், பலகையும் வாசிப்பாள், வாசித்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவரையும் கேட்பாள். கேட்டால்தானே பேச்சு வரும்! இப்படி ரயிலடியில் வழி கேட்டு இரண்டு கலியாணம் பொருத்தியிருக்கிறாள். பஸ்ஸில் கேட்டு ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தன் வீட்டுக்குப் போகிற பஸ் எதுவென்று அதே பஸ்ஸின் சாரதியை இப்போதும் கேட்கிறவள் அவள்.

"அம்மா, நீங்கள் மட்டும் வராதைங்கோ."

"ஏன், நான் வந்தா உன்ரை பிளேன் எழும்பாதோ?"

காரணத்தைச் சொல்ல வாய் துடித்தது. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்டாளே! "சரி, வாங்கோ," என்று போனை வைத்துவிட்டுக் கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

ஒத்திகை நாளும் வந்தது. ஜேசுரட்ணம் ஓட்டி வந்த வானிலிருந்தும் பின்னால் வந்த பஸ்களிலிருந்தும் மாமிமார் சீலையோடும் குளிர்ச்சட்டையோடும் இறங்கினார்கள். ஐஸ்கிரீம் டப்பாக்களில் றோல்சும் பற்றிசும் இறங்கின. பயணிகளாக நடிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு சூட்கேசோடு தனித்தனியாகப் போவார்கள் ஜெர்மன்காரர்; நம்முடைய சனம் ஒரு ஆளை அனுப்ப ஏழு பேர் போகிற சனம் அல்லவா, குடும்பம் குடும்பமாக நின்றது. யோசப்பினுக்குப் பின்னேரம்தான் முறை. அதுவரைக்கும் முன்மண்டபத்தில் டப்பாக்களுக்குக் காவல் இருந்தாள்.

பிளோறன்ஸ் மேலே கட்டுப்பாட்டு அறையில். பக்கத்தில் ஊல்ரிக்க, எதிரே கெஸ்லர், நடுவே லிண்டர். சுவரில் திரைகள், படம் வரும், சத்தம் வராது. தகவல் மேசைக்கு மேலே ஒரு கருவி வைத்திருந்தார்கள். மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளை அது எண்ணும், எண்ணிக்கை திரையில் ஓடும்.

காலையில் சும்மா சொல்லக்கூடாது, பொன்னான நேரம்! ஆட்கள் வாசலால் வருகிறார்கள், தலையைத் தூக்குகிறார்கள், திரும்புகிறார்கள், போகிறார்கள். தகவல் மேசையில் இருந்த ஹவுக் என்கிற பருத்த மனுசர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எண்ணிக்கை அசையவே இல்லை. ஊல்ரிக்க மேசைக்குக் கீழே பிளோறன்ஸின் கையைப் பிடித்து அமத்தினாள். கெஸ்லர் தண்ணீர் குடித்தார், திரும்பவும் குடித்தார்.

மதியம்போல் எல்லாம் தலைகீழானது. ஒரு மாமி மேசைக்கு வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு ஒரு குடும்பம், பிறகு நான்கு இளந்தாரிகள், பிறகு பங்கே வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஹவுக்கின் தலைகூடத் தெரியவில்லை. எண்ணிக்கை குடுகுடுவென்று ஏறி நூறைத் தாண்டியது. எல்லாம் நம்முடைய முகங்கள்! நடுவிலே நீலச் சீலையில் யோசப்பின், வாய் ஓயாமல், கை ஓயாமல்.

பிளோறன்ஸ் கழுத்துப் பதக்கத்தை இறுக்கிப் பிடித்தாள். என்னுடைய சனமே என்னைக் கவிழ்த்துப்போட்டுதே, மாதாவே! வேறு யாராவது கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

"செம்மஞ்சள் கொஞ்சம் களைத்துப்போய்விட்டது போல," என்றார் கெஸ்லர். சிரிப்பை மறைக்கவும் இல்லை.

லிண்டர் பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைக் கண்டதும் பிளோறன்ஸுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றாள். "எழுதாதீர்கள். இந்தக் கருவிக்குக் கண் இருக்கிறது, காது இல்லை. அவர்கள் என்ன கேட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? மேசையில் இருக்கிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்."

"வேறென்ன கேட்பார்கள்?" என்றார் கெஸ்லர்.

"கூப்பிடுங்கள்!"

ஹவுக் வந்தார். மேல் சட்டையெல்லாம் றோல்ஸ் தூள், உதட்டில் எண்ணெய். லிண்டர் கேட்டார்: "இவ்வளவு பேர் உங்களிடம் வழி கேட்டார்களே, எங்கே போக வழி கேட்டார்கள்?"

"வழியா?" ஹவுக் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னிடம் ஒருவரும் வழி கேட்கவில்லை. நீல உடை அம்மாவைத் தவிர மற்ற எல்லாரும் கேட்டுக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். 'நீங்கள் காலையிலிருந்து இருக்கிறீர்களே, சாப்பிட்டீர்களா?' என்றுதான் கேட்டார்கள். இல்லையென்று ஒரேயொரு வார்த்தை சொன்னேன். அதற்குப் பிறகு நிறுத்தவே முடியவில்லை."

நம்முடைய ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? பங்கு மண்டபத்தில் எந்த விழா நடந்தாலும் முதல் பந்தி மண்டபக் காவலாளிக்கும் படம் பிடிக்கிறவருக்கும்தான். வேலை செய்கிறவரைப் பட்டினி போட்டுவிட்டு விழாச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். அங்கே யாரும் கவனிக்காமல் தனியே இருந்த ஒரே மனுசர் ஹவுக். ஆளுக்கொரு றோல்ஸ் நீட்டினார்கள். ஒருத்தரிடம் வாங்கி மற்றவரிடம் வாங்காவிட்டால் மனவருத்தம் வந்துவிடும், பாவம், அவரும் வாங்கி வாங்கித் தின்றிருக்கிறார்.

ஊல்ரிக்க வாய்விட்டுச் சிரித்தாள். பிளோறன்ஸுக்கு உயிர் திரும்பியது. கெஸ்லர் விடுகிற ஆளா? "இவர்கள் எல்லாரும் பிளோறன்ஸின் ஆட்கள். முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கலாம். இன்னும் உள்ளே போகாத ஒருவரை நான் தெரிவு செய்கிறேன். அவர் ஒருவரையும் கேட்காமல் போய்ச் சேரட்டும், அப்போது ஒத்துக்கொள்கிறேன்."

லிண்டர் தலையாட்டினார். கெஸ்லர் திரையில் விரலை வைத்தார். "இந்த நீல உடைக்காரி. நிறுத்தாமல் பேசுகிறாரே, இவர்."

பிளோறன்ஸ் அந்த நீலச் சீலையைப் பார்த்தாள். மறைத்தால் பிறகு களவு என்பார்கள். "அது என்னுடைய அம்மா," என்றாள். "வேறு யாரை வேண்டுமானாலும் எடுங்கள். அம்மா எல்லாரையும் கேட்பார். தெரிந்ததையும் கேட்பார். அவருக்கு நான் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை."

கெஸ்லரின் முகம் மலர்ந்தது. "எல்லாரையும் கேட்பாரா? அப்படியென்றால் அவர்தான் வேண்டும்."

முனையத்திலேயே தூரமான கேட்டை எழுதி யோசப்பினின் கையில் கொடுத்தார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. கெஸ்லர் கெட்டிக்காரர், வழி நெடுகச் சிரித்த முகத்தோடு ஊழியர்களை நிறுத்திவைத்தார், கேளுங்கோ கேளுங்கோ என்கிற மாதிரி. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், அங்கேதான் எவரும் தடுமாறுவார்கள், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே போய் நின்றார்.

யோசப்பின் புறப்பட்டாள். கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் திரைக்குக் கிட்ட நெருங்கினார்கள். சூட்கேசை உருட்டிக்கொண்டு வருகிறாள். முதல் ஊழியருக்குத் தலையசைத்துவிட்டுப் போகிறாள். இரண்டாவது பெண்ணின் கன்னத்தைத் தடவுகிறாள், ஆனால் நிற்கவில்லை. சோதனை முடித்து உள்ளே வருகிறாள். பிரிகிற இடம் வந்தது. யோசப்பின் நின்றாள்.

நின்றவள் கெஸ்லரைக் கண்டாள். வடிவான பிள்ளை, கோட்டுச் சட்டை, சிரித்த முகம். நேரே அவரிடம் போனாள். கையைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள்.

"முடிஞ்சுது," என்றாள் பிளோறன்ஸ் தமிழில்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. யோசப்பினின் கண் கெஸ்லரின் முகத்திலிருந்து மெல்ல மேலே போனது, அவர் தலைக்கும் மேலே, இன்னும் மேலே. அங்கே செம்மஞ்சள் தொங்கியது. யோசப்பின் வாயை மூடினாள். கெஸ்லரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வலது பக்கம் திரும்பி நடந்தாள். கெஸ்லரும் கழுத்தை வளைத்துத் தன் தலைக்கு மேலே பார்த்தார்.

பிளோறன்ஸ் படிகளில் பாய்ந்து ஓடினாள். லிண்டரும் ஊல்ரிக்கவும் பின்னால் ஓடினார்கள், றோல்ஸ் வயிற்றோடு ஹவுக்கும் ஓடினார். அவர்கள் போய்ச் சேர யோசப்பின் கேட்டுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். முகம் கறுத்துப்போய் இருந்தது. மகளைக் கண்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"என்ன பிள்ளை வேலை இது? இவ்வளவு பெரிசா எழுதித் தொங்கவிட்டா மனிசர் ஆரைக் கேக்கிறது? அந்தக் கோட் போட்ட தம்பியைக் கேப்பமெண்டு வாயைத் துறந்தன். மறுமொழி தலைக்கு மேலை நிக்குது! பேந்து என்னெண்டு கேக்கிறது, வெக்கமெல்லோ? ஒரு மனிசரோடை கதைக்க ஏலாமல் இவ்வளவு தூரம் ஊமைச்சி மாதிரி நடந்து வந்திருக்கிறன்!"

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று லிண்டர் கேட்டார்.

பிளோறன்ஸ் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாள். பாதியில் சிரிப்பு வந்தது, மிச்சப் பாதியில் அழுகை வந்தது. ஹவுக் தொடையில் அடித்துச் சிரித்தார். அதற்குள் கெஸ்லரும் வந்து சேர்ந்திருந்தார், அவரும் கேட்டார். தோற்ற மனுசர்தான், ஆனாலும் முதலில் கை நீட்டியது அவர்தான். "கோப்பை வெள்ளையாகவே இருக்கட்டும்," என்றார்.

"செம்மஞ்சள் நிற்கிறது," என்றார் லிண்டர்.

பிளோறன்ஸ் அந்தப் பளபளத்த முனையம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். ஊல்ரிக்கவைத் தூக்கிச் சுற்றினாள். முன்மண்டபத்தில் நின்ற பங்குச் சனம் என்ன ஏதென்று தெரியாமலே அங்கிருந்து திருப்பிக் கத்தியது. பிறகு அவள் தாய்க்கு முன்னால் முழங்காலில் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வெண்டிட்டன். உங்களாலைதான் வெண்டனான்!"

"நான் என்ன செய்தனான்? நான் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லையே," என்றாள் யோசப்பின், இன்னும் கோபம் ஆறாமல்.